சுங்கை சிப்புட்டிலிருந்து பங்கோர் தீவுக்கு: கடல் விடுமுறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பஸ் பிடித்துக் கடலுக்குப் போகும் பேச்சு தொடங்கிவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் இந்தப் பயணங்களை ஏற்பாடு செய்வதால், என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நமக்குப் பக்கத்துத் தீவு பங்கோர் என்பதால் பெரும்பாலும் அதைப் பற்றித்தான் இருக்கும். மணலில் பாய் விரித்து, பொட்டலச் சோற்றைச் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. செம்பனைக்கும் ரப்பர் மரத்துக்கும் நடுவில் வளரும் நம் பிள்ளைகள் கடலில் இறங்க வேண்டும், பயமில்லாமலும் பத்திரமாகவும் இறங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எந்த மாதத்தில் போவது நல்லது?

நம் மலேசியாவில் கோடை என்று தனிப் பருவம் கிடையாது. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் உண்டு. நாள் குறிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது காற்றின் திசையைத்தான்.

நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று வீசும். ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் ஆகிய கிழக்குக் கரைத் தீவுகளில் அப்போது அலை பொங்கும். பல விடுதிகள் மூடிக்கிடக்கும். அதே காற்று மேற்குக் கரைக்கு வருவதற்குள் மலைத்தொடரைத் தாண்ட வேண்டியிருப்பதால் வேகம் இழந்துவிடுகிறது. எனவே ஆண்டிறுதியில் பங்கோர், ஆண்டின் நடுவில் கிழக்குக் கரை என்று வைத்துக்கொள்ளலாம்.

மே முதல் செப்டம்பர் வரையிலும் பங்கோருக்குப் போகலாம். ஆனால் அந்த மாதங்களில் ‘சுமத்ரா’ என்று அழைக்கப்படும் சூறைக்காற்று, விடியலுக்கு முன்போ காலை வேளையிலோ மலாக்கா நீரிணையைக் கடந்து மழையோடு பாய்ந்து வரும். மேற்கு வானம் ஒரே கோடாகக் கறுத்திருந்தால் படகு ஏறாமல் காத்திருங்கள். ஓரிரு மணி நேரத்தில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஏப்ரல், அக்டோபர் வாக்கில் பிற்பகல்தோறும் இடிமழை வருவது வழக்கம். அந்த மாதங்களில் காலையிலேயே கடலை முடித்துக்கொண்டு, பிற்பகல் 2 மணிக்குள் கரையேறிவிடுவது நல்லது.

பங்கோர்தானா? லங்காவிக்குப் போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம். 2007-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற நிலவியல் பூங்கா அது. மாட் சிஞ்சாங் மலைக்குக் கம்பிவட ஊர்தியில் ஏறுவதைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள். ஆனால் கோலப் பெர்லிஸ் அல்லது கோலக் கெடா வரை போய்ப் படகு ஏற வேண்டும். இரண்டு இரவாவது தங்கினால்தான் போன பயன் உண்டு. தண்ணீர் கண்ணாடியாக இருக்க வேண்டும், பவளப்பாறையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் ரெடாங்கும் பெர்ஹெந்தியானும்தான். மலாக்கா நீரிணையின் தண்ணீர் கொஞ்சம் கலங்கல். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

இருந்தாலும் முதன்முறையாகக் கடலுக்குப் போகும் குடும்பத்துக்கு நான் பங்கோரைத்தான் சொல்வேன். காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். கடற்கரைகள் வளைந்து உள்ளடங்கியவை. செலவும் நம் கைக்கு அடங்கும்.

எப்படிப் போவது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ வழியாக லூமுட். அங்கே படகுத் துறைக்குப் பக்கத்திலேயே வாகனங்களை நிறுத்த இடங்கள் இருக்கின்றன. பயணிகள் ஃபெரியில் கார் ஏறாது, ஆகவே சாமான்களைக் கையில் தூக்கும் அளவுக்குக் கட்டுங்கள். ஃபெரி வழியில் சுங்கை பினாங் கெச்சில் என்ற மீனவக் கிராமத்தில் நின்று, பிறகு பங்கோர் பட்டணத்துக்குப் போகும். அவசரத்தில் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிடாதீர்கள். இறங்கியதும் இளஞ்சிவப்பு வேன்கள் வரிசையில் நிற்கும். அவைதான் தீவின் டாக்சிகள். பாசிர் போகாக், தெலுக் நிப்பா என்று கடற்கரையின் பெயரைச் சொன்னால் போதும். ஒரே நாளில் திரும்புவதாக இருந்தால், ஏறும்போதே கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாமா?

இறக்கலாம், இறக்க வேண்டும். அதற்கான தயாரிப்பு பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஈப்போவில் பொது நீச்சல் குளத்துக்கு வார இறுதியில் அழைத்துப் போங்கள். கை வீசி நீந்தக் கற்றுக்கொடுக்க அவசரப்பட வேண்டாம். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சைக் குமிழியாக விடுவது, மல்லாந்து படுத்து மிதப்பது, இந்த இரண்டும் வந்தால் போதும். மல்லாந்து மிதக்கத் தெரிந்த பிள்ளை, தடுமாறினாலும் உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது உயிர்காப்புச் சட்டை. படகுகளிலும் வாடகைக் கடைகளிலும் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. பிள்ளைக்கு மாட்டிய பிறகு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறி வந்தால் அது பிள்ளைக்கு உதவாது. தண்ணீரில் சட்டை மிதக்கும், பிள்ளை அதன் வழியே நழுவிவிடும். சிறுவர் அளவில் ஒன்றிரண்டு வாங்கி நாலு குடும்பங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். எங்கள் சங்கம் அப்படித்தான் செய்கிறது.

காற்று ஊதிய வளையத்தையும் மெத்தையையும் நம்ப வேண்டாம். ஆண்டிறுதியில் பங்கோரின் மேற்குக் கடற்கரைகளில் அலை அடங்கியிருப்பதற்குக் காரணமே, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதுதான். அதே காற்று வளையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையில் இருப்பவர்களுக்குக் கடல் அமைதியாகவே தெரியும்.

மூழ்குகிறவர்கள் கையை உயர்த்திக் கூச்சலிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வாய் தண்ணீர் மட்டத்தில் மூழ்கி எழும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது, எங்கே கத்துவது? தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, உடம்பு செங்குத்தாக நின்று, இருந்த இடத்தைவிட்டு நகராமல் இருந்தால் அந்தப் பிள்ளை ஆபத்தில் இருக்கிறது. எனவே எந்நேரமும் ஒரு பெரியவர் கைபேசி இல்லாமல், வேறு பேச்சும் இல்லாமல், தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை என்றுதான் பொருள்.

நீரோட்டம் உங்களை உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், களைப்புதான் மிஞ்சும். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். சிவப்புக் கொடி பறந்தால் அன்று மணல்தான்.

பெண்கள் என்ன உடுத்திக்கொண்டு இறங்குவது?

இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே பல அம்மாக்கள் கரையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி அது. சேலையோடும் சுடிதாரோடும் இறங்க வேண்டாம். நனைந்த துணி பாரமாகிக் காலைச் சுற்றும், துப்பட்டா கழுத்தைச் சுற்றும். பருத்திக்குத் தண்ணீரை உறிஞ்சும் குணம் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கிறது. மலாய்ப் பெண்கள் பலர் அதைத்தான் அணிகிறார்கள். உடலை மூடும், வெயிலையும் தடுக்கும், தண்ணீரில் பாரமாகாது. ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் வரும். அம்மா தண்ணீரில் இறங்கினால் பெண் பிள்ளைகளும் தயங்காமல் இறங்குவார்கள்.

முதன்முறை ஸ்நோர்கலிங் (குழாய் வழியாக மூச்சு விட்டபடி மிதந்து கடலுக்கடியில் பார்ப்பது) செய்யப்போகிறோம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

தெலுக் நிப்பாவுக்கு எதிரே தெரியும் கியாம் தீவுக்குப் படகில் கூட்டிப் போவார்கள். தூரம் கொஞ்சம்தானே என்று நீந்திப் போக நினைக்காதீர்கள், நடுவில் படகுகள் ஓடுகின்றன.

கண்ணையும் மூக்கையும் மூடும் நீர்க்கண்ணாடியைக் கரையிலேயே சோதித்துப் பாருங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. ஒரு முடி உள்ளே சிக்கியிருந்தாலும் தண்ணீர் கசியும். நம் ஆண்களின் மீசையும் இதற்கு இடைஞ்சல்தான். மேல் உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் சரியாகும். கண்ணாடியின் உட்பக்கம் எச்சிலைத் தடவிக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் ஆவி படியாது.

பிறகு முழங்கால் ஆழத்தில் மண்டியிட்டு, குழாயைப் பல்லால் இலேசாகக் கடித்து, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து மூச்சு விட்டுப் பழகுங்கள். முதலில் நெஞ்சு படபடக்கும். மூக்கை மறந்து வாயால் ஆழமாக, மெதுவாக மூச்சு விட விட அது அடங்கும். குழாயில் தண்ணீர் புகுந்தால் ‘ஃபூ’ என்று ஓங்கி ஊத வேண்டும். இந்தப் பயிற்சிக்குக் கால் மணி நேரம் ஒதுக்கிய குடும்பங்கள் அரை நாள் மகிழ்ச்சியாக மிதக்கின்றன.

மீன்களுக்கு ரொட்டி போடாதீர்கள். பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். அது உயிருள்ளது, பல வகைகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் வளர்வதே அதிகம். ரெடாங், தியோமான் போன்ற கடல் பூங்காக்களில் கரையிலிருந்து 2 கடல் மைல் வரை மீன்பிடிப்பதும் பவளம், சிப்பி எடுப்பதும் சட்டப்படி குற்றம். பங்கோரிலும் அதே ஒழுக்கத்தோடு நடந்துகொள்வோமே.

கயாக், வாழைப்பழப் படகு எல்லாம் எப்படி?

தெலுக் நிப்பாவிலும் பாசிர் போகாக்கிலும் கிடைக்கும். ஏறும் முன் விலை பேசிக்கொள்ளுங்கள். கயாக் துடுப்பைப் போகும்போது காற்றுக்கு எதிராகப் போடுங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே கரை சேர்க்கும். விசைப்படகு இழுத்துப்போகும் காற்றடைத்த வாழைப்பழப் படகு கவிழ்த்துவிடத்தான் போகிறது. கண்ணாடி, தாலிக்கொடி, காதுத் தோடு எல்லாம் கரையில் பத்திரமாக இருக்கட்டும்.

மாமியாருக்கு முட்டிவலி. கடலில் இறங்காதவர்களுக்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாட்சிப் பறவைகள் மின்கம்பிகளிலும் மரங்களிலும் வந்து உட்காரும். வெள்ளை வயிறு, மஞ்சள் அலகு, அலகின் மேல் ஒரு கொம்புப் புடைப்பு. சிறகடிக்கும் ஓசை தலைக்கு மேலே நன்றாகக் கேட்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் பறவைதான் இரை கொண்டுவந்து ஊட்டும். பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்ட ஒரு பாட்டி கட்டாயம் தேவை.

வேனை வாடகைக்கு எடுத்துத் தீவைச் சுற்றிவரலாம். கிழக்குப் பக்கம் மீனவக் கிராமங்கள், மேற்குப் பக்கம் கடற்கரைகள். மோட்டார் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் தீவின் வடக்குப் பகுதியில் சாலை செங்குத்தாக ஏறி இறங்குகிறது, பழக்கமில்லாதவர்களுக்கு வேண்டாம்.

டச்சுக் கோட்டை பார்க்க வேண்டிய இடமா? சுவர் மட்டும்தானே இருக்கிறது?

சுவர்தான் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் பேராக்கில் எளிதில் கிடைக்காது. தெலுக் கெடோங்கில் 1670-இல் டச்சுக்காரர்கள் இதைக் கட்டியது பேராக்கின் ஈய வணிகத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்வதற்காக. உள்ளூர் மக்களின் தாக்குதலில் அழிந்து, 1743-இல் மீண்டும் கட்டப்பட்டு, 1748-இல் கைவிடப்பட்டது. பக்கத்தில் ஒரு பெரும் பாறை இருக்கிறது. புலி ஒரு பிள்ளையைத் தூக்கிச் செல்வதாகக் கருதப்படும் செதுக்கலும் டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகளும் அதில் உண்டு.

பிறகு கடலைக் காட்டி அடுத்த கதையைச் சொல்லுங்கள். 1874 ஜனவரி 20-ஆம் நாள், பங்கோர் கடலில் நின்ற ஆங்கிலேயக் கப்பலில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேராக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் வந்த அதிகாரி, அமர்ந்தது அதன் வழியாகத்தான். 1877-இல், நமக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளில் சில நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. ஆங்கிலேய ஆட்சியும் ரப்பரும் வேரூன்றிய பிறகுதான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்து பால்மரம் வெட்டினார்கள். சுங்கை சிப்புட்டில் நாம் இருப்பதன் தொடக்கங்களில் ஒன்று அந்தக் கடலில் இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கட்டும்.

கோயிலுக்குப் போகலாமா?

பங்கோரில் ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம் இருக்கிறது. மாசி மகத்தின்போது பல ஊர்களிலிருந்து பக்தர்கள் திரள்வார்கள். அந்த நாளில் போனால் தரிசனத்துக்குப் போங்கள். ஓய்வாகக் கடலாட வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் கூட்டம் நெரியும், பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருப்பது கடினம்.

நமக்குக் கறுத்த தோல்தானே, வெயில் என்ன செய்யும்?

கறுத்த தோலுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு என்பது உண்மை. ஆனாலும் தோல் எரியும், உரியும். உடம்பிலுள்ள நீர் வற்றினால் மயக்கம் வரும். பங்கோர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 4 பாகையில் இருக்கிறது. நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே இறங்கும், மணலும் தண்ணீரும் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

தோட்டத்தில் குலை வெட்டுபவர்களைப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பிக்கு அடியில் கழுத்துவரை தொங்கும் துண்டு, விடியலில் தொடக்கம், வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி வேலை முடிவு. அந்த அறிவை அப்படியே கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். காது மடலையும் புறங்காலையும் மறந்துவிடுவார்கள். இனிப்புப் பானம் தாகத்தைத் தீர்க்காது. ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர் போத்தல் வையுங்கள்.

சொறிமீன் கொட்டினால் என்ன செய்வது?

நம் கடல்களில் பெட்டி வடிவச் சொறிமீன் இருக்கிறது. அதன் நஞ்சு உயிரையே எடுக்கக்கூடியது. கொட்டிய இடத்தைத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், மணலைப் போடாதீர்கள். வினிகரை, அதாவது காடியை, குறைந்தது அரை நிமிடம் தாராளமாக ஊற்ற வேண்டும். வெடிக்காத நஞ்சுப் பைகளை அது அடக்கிவிடும். பிறகு ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். மூச்சுத்திணறல், வாந்தி, நெஞ்சுவலி என்றால் உடனே 999-ஐ அழையுங்கள். கடையில் விற்கும் சாதாரண வினிகர் ஒரு போத்தல் பையில் இருந்தால் போதும். முழுக்கை நீச்சல் உடைக்கு இது இன்னொரு காரணம்.

திருக்கை முள்ளோ கல்மீன் முள்ளோ குத்தினால் வைத்தியம் வேறு. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி குறையும். அப்படியே கிளினிக்குக்குப் போக வேண்டும். பாறைப் பக்கம் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

குரங்கு, கொசு?

குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே வந்துவிடும், ஆகவே சாப்பாட்டை மூடிய வாளியில் வையுங்கள். பொழுது சாயும்போது மணலில் கடிக்கும் சிறு பூச்சிகளுக்குக் கொசு மருந்து தடவிக்கொள்ளலாம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா, அங்கே வாங்குவதா?

காலையில் பசியாற வீட்டிலிருந்து கட்டிக்கொள்ளுங்கள், மதியத்துக்குத் தீவிலேயே மீன் சாப்பிடுங்கள். மீன்பிடித் தீவுக்குப் போய்க் கோழிக்கறிப் பொட்டலம் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. தேங்காய்ச் சோறும் கறியும் வெயிலில் நாலு மணி நேரத்தில் கெட்டுவிடும் என்பதும் காரணம். திரும்பும்போது நெத்திலியும் கருவாடும் பங்கோர் பட்டணத்தில் வாங்குங்கள். 2020 முதல் தீவுக்குத் தீர்வையற்ற தகுதி உண்டு. சாக்லேட்டுக் கடைகளில் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆண்கள் கடற்கரையில் ‘கொஞ்சம்’ குடிப்பதில் என்ன தவறு?

எங்கள் பயணங்களில் அதற்கு இடமில்லை. குடித்தவருக்கு ஆழமும் தூரமும் பிடிபடாது, தைரியம் மட்டும் கூடும். பிள்ளையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவரையே இன்னொருவர் காப்பாற்ற வேண்டியிருக்கும். பஸ் ஏறும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறோம். கோபித்துக்கொண்டு வராமல் இருப்பவர்கள் வராமலே இருக்கட்டும்.

மழையோ இடியோ வந்தால்?

முதல் இடி காதில் விழுந்ததும் எல்லாரும் தண்ணீரைவிட்டு வெளியேற வேண்டும். தென்னை மரத்தடியிலும் கடற்கரைக் குடைக்கு அடியிலும் ஒதுங்காதீர்கள்; கட்டடத்துக்குள் போங்கள், இல்லாவிட்டால் வேனுக்குள் ஏறுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே மீண்டும் இறங்கலாம். கிளம்பும் முன்பும் இறங்கிய பின்பும் தலை எண்ணுங்கள். மழையில் கூட்டம் சிதறும்போது ஒரு பெரியவர் சுவரோரம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.